உருளையும் இசைத்தட்டும்: பழைய பாட்டுப்பெட்டிகள் குறித்து வாசகர் கேள்விகள்

ஃபோனோகிராஃப், கிராமபோன் ஆகியவற்றைச் சீரமைப்பது தொடர்பாக வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே பொருளைப் பற்றிய கடிதங்களை ஒரே கேள்வியாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: தாத்தா வைத்திருந்த எடிசன் ஸ்டாண்டர்டு ஃபோனோகிராஃப் ஒன்று பரணில் கிடைத்தது. பெட்டியும் மோட்டாரும் நன்றாக உள்ளன. பெல்ட் அறுந்துவிட்டது, உருளையின் மேல் ஊர்ந்து ஒலியெழுப்பும் பாகத்தையே காணோம். பழுது பார்ப்பவர் ஒருவர், கிராமபோன் சவுண்ட்பாக்ஸ் (ஊசியும் அதிரும் தகடும் உள்ள தலைப்பாகம்) ஒன்றைப் பொருத்திப் பாட வைத்துவிடலாம் என்கிறார். அவரிடம் கொடுக்கலாமா? அசல் பாகத்தைத் தேடுவதென்றால் எங்கிருந்து தொடங்குவது?

பதில்: கொடுக்க வேண்டாம். எடிசன் உருளையில் ஒலி பள்ளத்தின் ஆழத்தில் பதிந்திருக்கிறது. முனை மேலும் கீழுமாக ஏறி இறங்கித்தான் அதைப் படிக்க வேண்டும். எமில் பெர்லினர் 1887-இல் காப்புரிமை பெற்ற கிராமபோனில் பள்ளம் இடமும் வலமுமாக வளைந்து செல்கிறது. ஒன்றுக்கென்று செய்த பாகத்தை மற்றொன்றில் மாட்டினால் பாட்டு வராது. எஃகு ஊசியோ உருளையின் மெழுகை ஒரே ஓட்டத்தில் உழுதுவிடும்.

தேடலைப் பாகத்திலிருந்து தொடங்காமல் இயந்திரத்திலிருந்து தொடங்குங்கள். ஸ்டாண்டர்டு 1898-இல் சந்தைக்கு வந்தது. அதன்பின் பெயர் மாறாமலே உள்ளே பலமுறை மாற்றப்பட்டது. ஆகவே ‘எடிசன் ஸ்டாண்டர்டுக்கு உதிரி வேண்டும்’ என்று மட்டும் கேட்டால் சரியான பாகம் வந்து சேர்வது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. இயந்திரத்தில் காப்புரிமைத் தேதிகள் பொறித்த சிறு தகடு ஒன்று இருக்கும். அதிலுள்ள தொடர் எண்ணையும், எண்ணை ஒட்டி ஆங்கில எழுத்து ஏதேனும் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எழுத்துத்தான் மாடலைச் சொல்கிறது. தகட்டைத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம். எழுத்துகளே தேய்ந்து போன தகடுகளை ஏராளமாகக் காணலாம்.

அடுத்து, உங்கள் இயந்திரம் இரண்டு நிமிட உருளைக்கு உரியதா, நான்கு நிமிட உருளைக்கும் உரியதா என்று பார்க்க வேண்டும். பழைய உருளைகளில் அங்குலத்துக்கு 100 பள்ளங்கள். 1908-இல் வந்த ஆம்பரால் உருளைகளில் அங்குலத்துக்கு 200 பள்ளங்கள். சுழலும் வேகம் இரண்டுக்குமே நிமிடத்துக்கு 160 சுற்றுத்தான். பள்ளம் நெருங்கியதால் நேரம் இரட்டிப்பானது. உருளையை மாட்டும் கூம்பின் பக்கத்தில் ஒரு பல்சக்கரத் தொகுதியும் அதை மாற்றுவதற்குச் சிறு குமிழும் இருந்தால், உங்களுடையது இரண்டு வகையையும் வாசிக்கக் கூடியது. பழைய இயந்திரங்களை நான்கு நிமிடத்துக்கு மாற்றுவதற்கான உபரித் தொகுதிகளை எடிசன் நிறுவனமே அக்காலத்தில் விற்றது என்பதால், பிற்காலத்தில் சேர்த்த பல்சக்கரத்தைப் பார்த்து யாரோ கைவைத்துவிட்டார்கள் என்று எண்ணிக் கழற்றி எறிந்துவிட வேண்டாம்.

இவ்விரண்டும் தெரிந்தால் காணாமல் போன ஒலியெழுப்பும் பாகமான ரீப்ரொட்யூசர் எது என்பது ஏறக்குறையத் தெரிந்துவிடும். ‘சி’ வகை இரண்டு நிமிட உருளைக்கு. ‘எச்’ நான்கு நிமிட உருளைக்கு. ‘கே’ வகையில் இரண்டு முனைகள் உள்ளன, திருப்பிவிட்டு எதை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். இம்மூன்றும், இயந்திரத்தில் ரீப்ரொட்யூசரைத் தாங்கும் வளையம் சிறியதாக உள்ளவற்றில் உட்காருபவை. ‘ஓ’ வகை பெரிய வளையத்துக்கு உரியது. ஆகவே வாங்குவதற்கு முன், உங்கள் இயந்திரத்தின் வளைய உள்விட்டத்தை வெர்னியர் காலிப்பரால் அளந்து, விற்பவரிடமும் பாகத்தின் வெளிவிட்டத்தைக் கேளுங்கள். ரீப்ரொட்யூசருக்கென்று தனித் தொடர் எண் உண்டு. அது இயந்திரத்தின் எண்ணோடு ஒத்துப்போக வேண்டியதில்லை. அவை தனியாகவும் விற்கப்பட்டவை. ‘எண் பொருந்துகிறது’ என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்பவரிடம் இதை நினைவில் கொள்ளுங்கள். ‘சி’ மிகப் பெரும் எண்ணிக்கையில் உற்பத்தியானது. இன்றும் எளிதில் கிடைக்கிறது. அதை முதலில் வாங்கி இயந்திரத்தை ஓட வைத்துவிட்டு, அரிதான ‘கே’-யை நிதானமாகத் தேடுவது என் யோசனை. வாங்கும்போது நீலக்கல் முனையை உருப்பெருக்கி வைத்துப் பாருங்கள். விளிம்பு சிதைந்திருந்தால் அது உருளைக்கு அரம்.

தேடும் இடம் என்றால், பொதுவான பழம்பொருள் கடைகளைவிடச் சேகரிப்பாளர் சங்கங்களே பயனுள்ளவை. 1919-இல் தொடங்கிய சிட்டி ஆஃப் லண்டன் ஃபோனோகிராஃப் அண்ட் கிராமபோன் சொசைட்டி, அமெரிக்காவின் ஆன்டிக் ஃபோனோகிராஃப் சொசைட்டி போன்றவற்றின் உறுப்பினர்களிடம், பெட்டி அழிந்து உலோகம் மட்டும் மிஞ்சிய இயந்திரங்கள் இருக்கும். பெரும்பாலான அசல் பாகங்கள் அவற்றிலிருந்துதான் வருகின்றன. உற்பத்தியாளர்கள் வெளியிட்ட உதிரிபாகப் பட்டியல்களின் மறுபதிப்புகளும் அவர்களிடம் கிடைக்கும். பட்டியலில் உள்ள பெயரைச் சொல்லி, அளவுகோலைப் பக்கத்தில் வைத்து எடுத்த படத்தையும் அனுப்பிக் கேட்டால், கடிதப் போக்குவரத்துப் பாதியாகக் குறையும். முழுமையாக இருக்கும் இன்னொரு இயந்திரத்தை வாங்கி அதைப் பிரித்து உங்களுடையதை முழுமையாக்க மட்டும் வேண்டாம். ஒன்று பிழைக்க ஒன்று சாக வேண்டிய அவசியம் இல்லை.

பெல்ட்டுக்கு அசலைத் தேட வேண்டியதே இல்லை. மெல்லிய தோல் வாரின் இரு முனைகளையும் சாய்வாகச் சீவி ஒன்றின்மேல் ஒன்று ஒட்டினால் போதும். ஒட்டிய இடம் தடித்திருந்தால், அது கப்பியைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் பாட்டு ஒரு கணம் தள்ளாடும்.

கேள்வி: சாவி கொடுத்தால் கிராமபோன் ஓடுகிறது. ஆனால் நடுநடுவே பெட்டிக்குள்ளிருந்து ‘தொம்’ என்று ஓர் ஓசை வருகிறது. உடனே வேகம் குலைகிறது. ஸ்பிரிங்கை மாற்ற வேண்டுமா? அசல் ஸ்பிரிங் கிடைக்குமா?

பதில்: நீங்கள் சொல்லும் ஓசை பெரும்பாலும் ஸ்பிரிங்கின் குற்றம் அன்று, கிரீஸின் குற்றம். ஸ்பிரிங் டப்பாவுக்குள் பல பத்தாண்டுகளுக்கு முன் இட்ட கிரீஸ் இறுகித் தார் போலாகிவிடும். சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. விசை சேர்ந்ததும் திடீரென்று விடுபட்டு வழுக்குகின்றன. அந்த வழுக்கல்தான் உங்களுக்கு ‘தொம்’ என்று கேட்கிறது. கழற்றிச் சுத்தம் செய்து புதிய கிரீஸ் இட்டால் பெரும்பாலான மோட்டார்களில் ஓசை நின்றுவிடும்.

அதைச் செய்வதற்கு முன் ஓர் எச்சரிக்கை. சாவி முழுவதும் இறங்கி, பிரேக்கை விடுவித்த பிறகும் டர்ன்டேபிள் தானாகச் சுழலாத நிலை வரும்வரை எந்தத் திருகையும் தொடக் கூடாது. விசையுடன் இருக்கும் மோட்டாரில், வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரைக் கழற்றினால் பல்சக்கரங்கள் கட்டுப்பாடின்றிச் சுழன்று பல் உடையும்; விரலும் உடையலாம். டப்பாவிலிருந்து ஸ்பிரிங்கை வெளியே எடுக்கும்போது கனமான தோல் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். உள் முனையை அச்சிலிருந்து விடுவித்து, ஒவ்வொரு சுருளாக, மறு கையால் மற்ற சுருள்களை அழுத்திப் பிடித்தபடியே வெளியேற்ற வேண்டும். முதல் முறை செய்பவர் தெரிந்தவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு செய்வதே நல்லது. மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பழைய கிரீஸைத் துடைத்தெடுங்கள். பழைய முறை வாசலினும் கிராஃபைட் பொடியும் கலந்த கலவை; இறுகாத இக்கால கிரீஸும் போதும்.

வெளியே எடுத்த ஸ்பிரிங் தரையில் எவ்வளவு அகலமாக விரிகிறது என்று பாருங்கள். நல்ல ஸ்பிரிங் டப்பாவைவிடப் பல மடங்கு விரியும். சோர்ந்துபோனது சிறு வட்டமாகவே சுருண்டு கிடக்கும். அதை மாற்றத்தான் வேண்டும். உடைந்திருந்தாலும் உடனே கைவிட வேண்டாம். உடைப்பு உள்முனைக்கோ வெளிமுனைக்கோ ஓரிரு அங்குலத்துக்குள் இருந்தால், அந்த முனையை மட்டும் செஞ்சூடாகக் காய்ச்சி மெதுவாக ஆறவிட்டு மென்மையாக்கி, புதிய துளையிட்டு மீண்டும் பயன்படுத்தலாம். நடுவில் உடைந்ததை ஒட்டவைக்க முயல வேண்டாம்.

புதியது வாங்குவதானால் அகலம், தடிமன், டப்பாவின் உள்விட்டம், முனையில் உள்ள துளையின் வடிவம் ஆகிய நான்கையும் குறித்தனுப்புங்கள். துளை வட்டமா, பேரிக்காய் வடிவமா, கொக்கியா என்பதை எழுதாமல் விட்டு, மற்றெல்லாம் சரியாக வந்தும் மாட்ட முடியாமல் திண்டாடுபவர்கள் பலர். பழைய ஸ்பிரிங்கே இல்லை என்றால் நீளத்தைக் கணக்கிடலாம். டப்பாவின் சுவருக்கும் அச்சுக்கும் இடைப்பட்ட பரப்பில் சரிபாதியை ஸ்பிரிங் நிரப்பும்போதுதான் அது அதிகச் சுற்றுகள் தரும். டப்பாவின் உள்விட்டம் 70 மி.மீ., அச்சின் விட்டம் 18 மி.மீ., தகட்டின் தடிமன் 0.6 மி.மீ. என்றால் நீளம் ஏறக்குறைய 3 மீட்டர். ‘வலுவாக இருக்கட்டும்’ என்று தடித்த ஸ்பிரிங்கை மாட்டுவது தவறு. சுற்றுகளும் குறையும், பல்சக்கரங்களும் தேயும்.

ஸ்பிரிங்கில் அசல் கிடைக்குமா என்றால், கிடைக்கும். ஆனால் வாங்க வேண்டாம். நூறாண்டுகள் கிடங்கில் கிடந்த எஃகைவிடப் புதிதாகச் செய்தது நம்பகமானது. அது டப்பாவுக்குள் மறைந்திருக்கும் பாகம்.

கேள்வி: 1920-களைச் சேர்ந்த கிராமபோன். உச்சஸ்தாயியில் பாடும்போதெல்லாம் சவுண்ட்பாக்ஸ் கரகரக்கிறது. மைக்கா தகடு பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கிறது. வேறு சவுண்ட்பாக்ஸ் வாங்கிவிடட்டுமா?

பதில்: வாங்குவதற்கு முன் உங்களிடம் இருப்பதைத் திறந்து பாருங்கள். மைக்கா தகட்டின் விளிம்பை இருபுறமும் அணைத்துப் பிடிப்பவை இரண்டு ரப்பர் வளையங்கள். அக்காலத்து ரப்பர் இன்று நகத்தால் கீறினால் பொடியாக உதிரும் அளவுக்குக் கெட்டியாகியிருக்கும். அதனால் தகடு விளிம்பில் இடறி அதிர்கிறது. சவுண்ட்பாக்ஸை, அதைத் தாங்கும் குழாய்க் கையான டோன்ஆர்மோடு இணைக்கும் பின்புற ரப்பரும் அப்படியே. இந்த மூன்று ரப்பர்களையும் மாற்றினால் கரகரப்பில் பெரும்பகுதி போய்விடும்.

வேலை நிதானம் கேட்பது. முதலில், ஊசித்தண்டின் மேல்முனையை மைக்காவின் நடுவில் பிடித்திருக்கும் மிகச் சிறிய திருகைக் கழற்றுங்கள். அதன்மேல் மெழுகு இருந்தால், சூடான ஊசி ஒன்றால் மெல்ல இளக்கிய பிறகே திருகைத் தொடுங்கள். மெழுகோடு சேர்த்துத் திருகினால் மைக்கா நடுவில் கிழியும். பின்மூடியைத் திறந்து, பழைய வளையங்களைச் சுரண்டி எடுங்கள். புதிய வளையத்துக்கு மெல்லிய, மென்மையான ரப்பர் குழாயை எடுத்து, முனைகள் ஒன்றையொன்று அழுத்தாமல் தொட்டுக்கொண்டிருக்கும் நீளத்துக்குச் சாய்க்காமல் வெட்ட வேண்டும். இடைவெளி விழுந்தால் காற்று கசியும். நீளம் கூடினால் தகடு ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். மூடியை இறுக்கும்போது தகடு நழுவாத அளவே போதும்.

பிறகுதான் முக்கியமான கட்டம். நடுத்திருகை மாட்டாத நிலையில், ஊசித்தண்டின் முனை மைக்காவைத் தள்ளாமலும் அதிலிருந்து விலகாமலும் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். எக்ஸிபிஷன் என்ற மாடல் போன்ற சவுண்ட்பாக்ஸ்களில், தண்டின் அடியில் இருபுறமும் உள்ள சிறு ஸ்பிரிங்குகளின் திருகுகளை மாற்றி மாற்றித் தளர்த்தியும் இறுக்கியும் இந்த நிலையைக் கொண்டுவரலாம். அது வந்தபின் நடுத்திருகை மாட்டி, தேன்மெழுகு ஒரு துளி இட்டு மூடுங்கள். பலர் ரப்பரை மட்டும் மாற்றிவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள். தகடு எப்போதும் இழுபட்டே இருப்பதால் ஒலி மூக்கால் பாடுவது போலவே இருக்கும்.

மைக்காவை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, படலங்கள் பிரிந்து வெள்ளித் திட்டுகளாகத் தெரிகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். தெரிந்தால் அதே விட்டத்தில், அதே தடிமனில் வேறொன்று தேவை. மைக்கா கனிமம், புதிதாக வெட்டியதும் பழையதும் ஒன்றே. இங்கும் அசலுக்காக அலைய வேண்டியதில்லை.

கேள்வி: கால் அங்குலம் தடிமன் உள்ள எடிசன் இசைத்தட்டுகள் சில கிடைத்தன. சாதாரண கிராமபோனில் ஊசி வைத்தால் வெறும் இரைச்சல்தான் வருகிறது. தட்டு கெட்டுவிட்டதா?

பதில்: இனிமேல் ஊசி வைக்காமல் இருந்தால் தப்பித்துக்கொள்ளும். 1912-இல் வந்த டயமண்ட் டிஸ்க் வகை அது. தட்டுத்தான், ஆனால் உருளையைப் போல் மேலும் கீழுமாகப் பதிந்தது. நிமிடத்துக்கு 80 சுற்று வேகத்தில், வைர முனையுள்ள எடிசன் இயந்திரத்தில் மட்டுமே வாசிக்க வேண்டும்.

கேள்வி: பழைய பெட்டியின் வார்னிஷ் மங்கிப் பொரிப்பொரியாக இருக்கிறது. சுரண்டிவிட்டுப் புதிதாகப் பாலிஷ் போடலாம் என்று தச்சர் சொல்கிறார்.

பதில்: தச்சரின் கண்ணுக்கு அது பழைய மரச்சாமான்; சேகரிப்பாளரின் கண்ணுக்கு அந்தப் பூச்சும் ஓர் உதிரிபாகம், அதுவும் எங்கும் தேடிக் கிடைக்காத உதிரிபாகம். பொன்னிறத்தில் ஒட்டிய நிறுவன முத்திரை அந்தப் பூச்சோடு சேர்ந்தே இருக்கிறது. சுரண்டினால் அதுவும் போகும்.

கண்ணில் படாத ஓர் அடிமூலையில், பஞ்சில் ஒரு துளி சாராயம் தொட்டு வையுங்கள். பூச்சு இளகி ஒட்டினால் அது அரக்கு வார்னிஷ். மோட்டாருக்குக் கீழே மட்டும் பொரிந்திருந்தால் அப்படியே விடுங்கள். மேற்பரப்பு முழுவதும் பொரிந்திருந்தால், மிகக் குறைந்த சாராயத்தோடு அரக்குக் கரைசலை மென்துணியில் தொட்டுத் தடவி, பழைய பூச்சையே இளக்கிச் சமனாக்கும் முறை ஒன்று உண்டு. முத்திரைக்குச் சுற்றிலும் இரண்டு விரற்கடை இடம் விட்டுவிடுங்கள். சாராயம், அம்மோனியா, தேய்ப்புப் பொடி இவை மூன்றும் அதற்கு எதிரிகள். வெறும் அழுக்கு என்றால் மெழுகுப் பாலிஷும் மென்துணியும் போதும். பல பெட்டிகளுக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படுவதில்லை.

நிக்கல் முலாம் பூசிய பாகங்களை இயந்திரச் சக்கரத்தில் கொடுத்துப் பளபளப்பாக்குவதையும் நான் ஆதரிப்பதில்லை. முலாம் மெல்லியது, ஒரே தேய்ப்பில் அடியிலுள்ள பித்தளை வெளியே வந்துவிடும்.

கேள்வி: 1925-க்குப் பிந்தைய ஆர்த்தோஃபோனிக் வகை இயந்திரம் என்னிடம் உள்ளது. சவுண்ட்பாக்ஸின் உறை வெடித்து, டோன்ஆர்மிலிருந்து கழற்ற வராமல் இறுகிக் கிடக்கிறது. சுத்தியலால் தட்டிப் பார்க்கலாமா?

பதில்: தட்டினால் துண்டுகளாகத்தான் வரும். அந்த உறை மட்டமான துத்தநாகக் கலவையில் வார்த்தது. கலவையில் காரீயம் போன்ற மாசு சிறிதளவு கலந்திருந்தாலும் உலோகத்தின் மணிகளுக்கு இடையே அரிப்பு பரவி, ஆண்டுகள் செல்லச் செல்லப் பாகம் உப்பி, விரிசல் விட்டு, கடைசியில் கையோடு உதிர்ந்துவிடும். இதற்கு மருந்து இல்லை. பசை பூசுவதும் எண்ணெயில் ஊறவைப்பதும் வீண். மிகத் தூய துத்தநாகத்தில் செய்த ஸமாக் கலவைகளை நியூ ஜெர்சி ஸிங்க் கம்பெனி 1929-இல் கொண்டுவந்த பிறகே இந்தக் குறை தணியத் தொடங்கியது. அதற்கு முந்தைய வார்ப்புகள் எல்லாமே சந்தேகத்துக்கு உரியவை.

கழற்றியே ஆக வேண்டுமானால், டோன்ஆர்மைக் காப்பதையே குறிக்கோளாகக் கொள்ளுங்கள். வெடித்த உறையைச் சிறு அரத்தால் நீளவாக்கில் அறுத்து விரித்து எடுப்பது பாதுகாப்பானது. உள்ளே உள்ள அலுமினியத் தகடு ஊதினாலே நெளியும் அளவுக்கு மெல்லியது. முதலில் அதை அட்டை வைத்து மறையுங்கள்.

மாற்றுப் பாகம் தேடும்போது அதே வகையில் பித்தளை உறை கொண்ட சவுண்ட்பாக்ஸ்களும் வெளிவந்தன என்பதை மனத்தில் வையுங்கள். அவற்றுக்கு இந்நோய் இல்லை. எனவே விலையும் அதிகம். துத்தநாக உறை உள்ளதை வாங்குவதானால், விரிசல் இல்லை என்ற வாய்மொழியை மட்டும் நம்பாமல், விளிம்பைச் சுற்றிலும் நெருக்கத்தில் எடுத்த படங்களைக் கேளுங்கள். தலைமயிர் அளவு கோடு இருந்தாலும் அது நடந்துகொண்டிருக்கும் அழிவு. இக்கால உலோகத்தில் கடைந்த நகல் உறை கிடைத்தால், தயங்காமல் வாங்கி, உள்பாகங்களை அதற்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: நாய் முத்திரையுடன், பூ வடிவப் பித்தளைக் குழல் உள்ள கிராமபோன் ஒன்று குறைந்த விலைக்கு வருகிறது. பழையதுபோல்தான் தெரிகிறது. வாங்கலாமா?

பதில்: அலங்காரத்துக்கு என்றால் வாங்கலாம், பழம்பொருளாக வேண்டாம். நீங்கள் விவரிக்கும் தோற்றத்தில் புதிதாகச் செய்த போலிகள் உலகெங்கும் விற்கப்படுகின்றன. கையில் பிடித்துச் சுமக்கும் பிற்காலப் பெட்டி கிராமபோன்களின் மோட்டாரை எடுத்து, புதிதாகச் செய்த மரப்பெட்டியில் வைத்து, மேலே பளபளக்கும் பித்தளைக் குழலை மாட்டிவிடுகிறார்கள். பெட்டி அறுகோணமாகவோ எண்கோணமாகவோ இருந்தால் ஐயமே வேண்டாம். குழலைத் தாங்கும் பின்புற வளைவு அளவுக்கு மீறித் தடித்து, மேடும் பள்ளமுமான வார்ப்பாக இருக்கும். அசல் இயந்திரங்களில் அந்தப் பாகம் மெலிந்தும் நேர்த்தியாகவும் இருக்கும். அடியில் திருப்பிப் பார்த்தால் மரம் வெளுத்துப் புதியதாகத் தெரியும், அல்லது புதுமையை மறைக்கக் கறுப்புச் சாயம் அடித்திருப்பார்கள்.

நாய் முத்திரையை மட்டும் நம்ப முடியாது என்பதற்கு அதன் வரலாறே வேடிக்கையான சான்று. ஃபிரான்சிஸ் பாரோ வரைந்த அந்த ஓவியத்தில் நாய் முதலில் கேட்டுக்கொண்டிருந்தது எடிசன் வகை உருளை இயந்திரத்தை. 1899-இல் கிராமபோன் கம்பெனி ஓவியத்தை வாங்கியபோது பாரோ அதன் மேலேயே தட்டு கிராமபோனை வரைந்து மாற்றித் தந்தார்.

இதில் உங்களுக்கு ஓர் ஆதாயம் இருக்கக்கூடும். போலியின் உள்ளே இருக்கும் மோட்டார் பெரும்பாலும் உண்மையிலேயே பழையது. மிகக் குறைந்த விலைக்கு வந்தால், உதிரிபாகங்களுக்கென்று வாங்குபவர்களும் உண்டு.

கேள்வி: 78 சுற்றுக் கிராமபோனில் எல்.பி. (நீண்ட நேரம் ஓடும் பிற்கால இசைத்தட்டு) தட்டு போடலாமா?

பதில்: கூடாது. எல்.பி. ஊசி தட்டின்மேல் சில கிராம் எடையே வைக்கிறது. பழைய சவுண்ட்பாக்ஸின் எடை நூறு கிராமைத் தாண்டும். ஒரு முறை போட்டால் தட்டு முடிந்தது.

கேள்வி: எஃகு ஊசி ஒன்றை எத்தனை பக்கங்களுக்குப் பயன்படுத்தலாம்? நண்பர் பத்துப் பக்கம் வரை ஓட்டுகிறார்.

பதில்: ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி. அரக்குத் தட்டில் கற்பொடி கலந்திருப்பதே, முதல் சில சுற்றுகளில் ஊசிமுனையை உரசிப் பள்ளத்தின் வடிவுக்குக் கொண்டுவருவதற்காகத்தான். பக்கம் முடிவதற்குள் முனையின் இருபுறமும் உளி போல் தட்டையாகிவிடும். அதே ஊசியை அடுத்த தட்டின் வெளிவிளிம்பில் வைத்தால் உளி தன் வேலையைச் செய்யும். உங்கள் நண்பரின் தட்டுகளில் கறுப்பு மங்கிச் சாம்பல் நிறக் கோடுகள் தெரிகின்றனவா என்று பாருங்கள்.

கேள்வி: நகல் பாகம் போட்டால் இயந்திரத்தின் மதிப்புக் குறையுமா? எந்த அளவுக்கு அசலையே தேடிக்கொண்டிருப்பது?

பதில்: தேய்வதற்கென்றே செய்தவை ஒருவகை: ரப்பர், தோல், ஃபெல்ட், ஸ்பிரிங், ஊசி. இவற்றை அக்காலத்திலேயே மாற்றிக்கொண்டுதான் இருந்தார்கள்; இவற்றில் நகல் என்பதே பொருந்தாத சொல். இயந்திரம் இன்னது என்று அடையாளம் சொல்பவை மற்றொரு வகை: தகடு, முத்திரை, பெட்டி, டோன்ஆர்ம், ரீப்ரொட்யூசர், குழல். இவற்றுக்கு அசலைத் தேடலாம். கிடைக்கும்வரை நகலை வைத்திருக்கலாம். நகலின் உட்புறத்தில், வெளியே தெரியாத இடத்தில், அது நகல் என்பதையும் பொருத்திய ஆண்டையும் பொறித்து வையுங்கள். கழற்றிய அசல் உடைந்திருந்தாலும் ஒரு பையில் இட்டு இயந்திரத்தோடு வையுங்கள். நகல் முத்திரை ஒட்டிவிட்டு அசலென்று விற்பது மட்டும் மோசடி.

கவர்னரைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது இரண்டு வகையிலும் சேராது. மூன்று மெல்லிய எஃகுப் பட்டைகள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஓர் எடைக்குண்டு. வேகம் கூடினால் குண்டுகள் வெளியே விரிந்து, அச்சிலுள்ள தட்டை நகர்த்தி, தோல் திண்டின்மேல் உரச வைக்கின்றன. பட்டை ஒன்றில் விரிசல் விழுந்தால் பாட்டு நடுங்கும். அப்போது மூன்றையும் ஒரே தடிமனில் மாற்ற வேண்டும்; ஒன்றை மட்டும் மாற்றினால் சமநிலை கெடும். குண்டுகளையும் அவற்றின் திருகுகளையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய திருகுகளின் புரி இன்றைய மெட்ரிக் அளவுகளோடு சேராது. ‘ஏறத்தாழ’ச் சேரும் திருகைப் பலவந்தமாக முடுக்கிப் புரியைக் கெடுத்த கவர்னர்கள்தான் பழுது பார்ப்பவர்களிடம் அதிகமாக வருகின்றன.

கேள்வி: மெழுகு உருளைகளின்மேல் வெள்ளைப் புள்ளிகள் படர்ந்துள்ளன. துடைத்தால் போய்விடுமா?

பதில்: அது பூஞ்சை. மெழுகைத் தின்று வளர்ந்திருப்பதால், துடைத்தால் புள்ளி போகும். அது தின்ற பள்ளம் திரும்பாது. உலர்ந்த மென்தூரிகையால் பள்ளத்தின் போக்கிலேயே தட்டிவிட்டு, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். சாராயமோ சோப்போ வேண்டாம். உருளையை வெளிப்பக்கம் தொடாமல், இரண்டு விரல்களை உள்ளே விட்டு மெல்ல விரித்துத் தூக்குங்கள்; குளிர்ந்த மெழுகில் கைச்சூடு பட்டாலே சில உருளைகள் வெடித்துவிடும். 1912-இல் வந்த நீல ஆம்பரால் உருளை செல்லுலாய்டால் ஆனது, பூஞ்சைக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அதன் உள்ளே உள்ள பிளாஸ்டர் ஈரத்தில் உப்பும். கூம்பில் ஏறவில்லை என்றால் அழுத்தாமல் உட்புறத்தைச் சிறிது சுரண்டிவிட வேண்டும். இன்னொன்று: செல்லுலாய்டுக்கென்று செய்த வைர முனை ரீப்ரொட்யூசரை மெழுகு உருளையில் வைக்கவே கூடாது.

அரிய உருளை என்று தோன்றினால் ஓட்டுவதற்கு முன், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா நூலகம் எண்மமாக்கி வைத்துள்ள பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உருளைகளில் அது ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கேட்பதற்கு அந்தப் பிரதியே போதும். இல்லாவிட்டால் உங்கள் உருளையை ஊசி படாமல் வைத்திருந்து, இக்கால மின்கருவியால் படியெடுப்பவர்களிடம் கொடுங்கள்.

கேள்வி: எல்லாம் சரிசெய்தாகிவிட்டது. வேகம் 78-தானா என்று எப்படி அறிவது?

பதில்: காகிதத்தில் ஒரு வட்டம் வரைந்து, அதன் விளிம்பில் சம இடைவெளியில் கறுப்புக் கோடுகளை இடுங்கள். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால் 77 கோடுகள். 60 ஹெர்ட்ஸ் என்றால் 92. தட்டின்மேல் வைத்து, பழைய குழல்விளக்கு அல்லது நியான் விளக்கின் வெளிச்சத்தில் ஓட்டினால், வேகம் சரியாக இருக்கும்போது கோடுகள் அசையாமல் நிற்பதுபோல் தெரியும். சுழலும் திசையிலேயே அவை முன்னோக்கி நகர்ந்தால் வேகம் கூடுதல். பின்னோக்கி நகர்ந்தால் குறைவு. எல்.இ.டி. விளக்குகளில் பல மின்னுவதே இல்லை. அவற்றின் கீழ் கோடுகள் வெறுமனே மங்கித் தெரியும். ஊசியைத் தட்டின்மேல் வைத்த நிலையிலேயே சோதியுங்கள், ஏனென்றால் ஊசியின் இழுவையில் வேகம் சற்றுக் குறையும். பெர்லினர் காலத்துத் தட்டுகள் பல 78-க்கும் குறைந்த வேகத்தில் பதிவானவை. அவற்றுக்குக் கோடுகளை விட்டுவிட்டு, பாடுபவரின் குரல் இயல்பாக ஒலிக்கும் இடத்தில் வேகத்திருகை நிறுத்துங்கள்.